கத்தி, அருவாமனைக்குச் சாணை: கேட்டதும் சொன்னதும்

கிருஷ்ணகிரியில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்குவதுதான் என் வேலை. மாங்காய் சீசன் என்பதால் எல்லாரும் கத்தியைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் இப்போது எங்கள் பக்கம் வருவதே இல்லை. எங்கே கொடுப்பது? (பாலக்கோடு)

சந்தையில் அரிவாள், மண்வெட்டி விற்கிறவர்களிடம் கேளுங்கள் தம்பி, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனால் மறக்காமல் விசாரியுங்கள். வாய், அதாவது வெட்டுகிற ஓரம், உடைந்த கத்தி என்றால் கொல்லுப்பட்டறை. வெறுமனே மழுங்கியதற்கு அலையவே வேண்டாம், ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாகக் கல் கிடைக்கும், அது போதும்.

மிஷினில் சாணை பிடித்த கத்தி ஒரே வாரத்தில் மழுங்கிவிட்டதே? (தருமபுரி)

வாய் ஓரம் நீலம் பாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாதாரண எஃகு சுமார் 300 டிகிரி சூட்டில்தான் அந்த நிறத்துக்கு வரும், அப்படி வந்தால் அந்த இடத்தில் பதம், அதாவது இரும்பின் கடினம், இறங்கிவிட்டது என்று அர்த்தம். எனக்கும் ஒரு நல்ல கத்தி இப்படிப் போனது, இன்றும் மனசு ஆறவில்லை. அடுத்த முறை பக்கத்திலேயே நின்று, தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

நானே தீட்டப் பழக வேண்டும், எவ்வளவு சாய்ப்பது? (ஓசூர்)

கல்லை ஈரத்துணி மேல் வைத்து நனைத்துக்கொள்ளுங்கள். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, அதில் பாதி சாய்த்து, அப்புறம் இன்னொரு பாதி சாய்த்தால் 22 டிகிரி வரும், அதைவிடக் கொஞ்சம் தாழ்த்தினால் சரி. அந்தச் சாய்வு மாறாமல் ஒரே பக்கம் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கம் மெல்லிசாகப் பிசிறு எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரலை மெதுவாக எடுத்தால் தட்டுப்படும், வாயோடு நீளமாக மட்டும் தடவாதீர்கள். பிசிறு அடிமுதல் நுனிவரை வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். பாதியில் திருப்புவதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. கடைசியில் நைசு பக்கத்தில் அழுத்தாமல் மாற்றி மாற்றி நாலு இழுப்பு. பழுத்த தக்காளியின் தோலை அழுத்தாமல் அறுத்தால் வேலை முடிந்தது.

அருவாமனைக்கு? (காவேரிப்பட்டணம்)

அதற்குக் கல்தான் கத்தியிடம் போக வேண்டும் அம்மா. பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, சின்னக் கல்லை முதுகுப் பக்கமிருந்து வெளியே தள்ளுங்கள், பிள்ளைகள் கிட்டே வர வேண்டாம். மாங்காய்ப் புளிப்பு இரும்பை உடனே கறுக்க வைக்கும், நறுக்கிய கையோடு கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள்.