பதினோரு தொடக்கங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது முப்பத்து நான்கு. கணினியில் பதினோரு கதைகளின் தொடக்கம் கிடக்கிறது; ஒன்றையும் முடித்ததில்லை. ஆனால் எழுத்தாளர் பேட்டி எதையும் விடுவதில்லை. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால், ஏதாவது ஓர் அட்டையில் என் பெயரும் இருக்காதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. எனக்கு இருப்பது எழுத்தின் மேல் ஆசையா, எழுத்தாளர் என்ற பெயரின் மேல் ஆசையா?

கே.

அன்புள்ள கே,

அட்டையில் பெயர் பார்க்க ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஆசை துளியும் இல்லை என்பவரை நான் நம்புவதில்லை. அது மட்டும்தான் வேண்டுமென்றால் இன்று சுலபம். ஐம்பது பிரதிகூட அச்சடித்துத் தருகிறார்கள். பதிப்பகம் வழியாக வந்தாலும், வழக்கமான பத்து சதவீத உரிமைத்தொகையில், 200 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் கைக்கு வருவது 6,000 ரூபாய். கூடவே ஒரு சால்வை.

உங்கள் தொடக்கங்கள் எங்கே நின்றன என்று பாருங்கள். அநேகமாக நானூறு, ஐந்நூறு சொல்லில் நின்றிருக்கும். மழை, பேருந்து நிலையம், பூட்டிய வீடு என்று ஒரு மனநிலை அதுவரை இழுத்து வரும். அதற்குமேல் கதையில் யாருக்காவது ஏதாவது வேண்டியிருக்க வேண்டும், அதற்குக் குறுக்கே ஏதாவது நிற்க வேண்டும். அங்கே நீங்கள் முடிவெடுத்தாக வேண்டும். அது தப்பாகவும் போகலாம். அந்தப் பயத்தில்தான் பன்னிரண்டாவது தொடக்கத்துக்கு ஓடுகிறோம்.

பதினொன்றில் ஒன்றை எடுங்கள். எந்தக் கதையின் ஆளுக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் சொல்ல முடிகிறதோ, அது. தினம் நாற்பது நிமிடம், இருநூறு சொல். கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். நேற்றைய கடைசி இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டு மேலே போங்கள். முதல் வரியிலிருந்து வாசித்தால் நாற்பது நிமிடமும் பழையதை மெருகேற்றுவதிலேயே போய்விடும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துங்கள். மறுநாள் உட்காருவது எளிது.

அளவு வைத்து எழுதுவது கலைக்கு இழுக்கு என்று தோன்றலாம். ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் அஞ்சல் துறை வேலையில் இருந்துகொண்டே, காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். அவர் இறந்த மறுவருடம், 1883-இல், தன்வரலாறு வெளிவந்து இந்தக் கணக்கு தெரிந்ததும் அவர் மதிப்புதான் சரிந்தது! வாசகருக்கும் எழுத்தாளர் என்கிற பிம்பம்தான் பிடித்திருக்கிறது. (அவர் வேகத்தோடு போட்டி வேண்டாம். தமிழில் உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நம் இருநூறு அங்கே முந்நூறுக்குப் பக்கம்.)

முடியும்வரை ஒரு பத்தியைக்கூட முகநூலில் போடாதீர்கள். எழுபது பேர் விருப்பக்குறி இட்டதும் கூலி முன்கூட்டியே வந்துவிடும்; பிறகு யார் வேலைக்குப் போவார்கள்?

பத்து நாளில் இரண்டாயிரம் சொல் சேரும். பெரும்பாலும் மோசமாக இருக்கும். இரண்டு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் கோடு போடுங்கள். ‘ஏனோ’, ‘ஒருவித’, ‘இனம்புரியாத’ எல்லாவற்றையும் அடியுங்கள். முதல் இரண்டு பத்தியை மூடிக்கொண்டு மூன்றாவதிலிருந்து படித்துப் பாருங்கள், கதை பல சமயம் அங்கேதான் தொடங்கும். அப்புறம் பழைய கோப்பைத் திருத்தாமல், வெற்றுப் பக்கத்தில் முழுக் கதையையும் மறுபடி எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இப்படி இரண்டாம் முறை எழுதும்போதுதான் கிடைக்கும். முதல் வரைவில் கனவும் கூடவே ஓடும். இரண்டாவதில் புதுமை போய்விடும், பாராட்ட ஆளில்லை. அப்போதும் ஒரு வினைச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்து அரைமணி போனது தெரியாமல் இருந்தீர்களா என்று கவனியுங்கள்.

எந்தக் கதையை எடுத்தீர்கள் என்று எனக்கு இப்போது எழுத வேண்டாம். முடித்த பிறகு எழுதுங்கள்.