இடப்பக்கக் கதவு

அன்புள்ள ஐயா,

மனசு வளைந்து கொடுக்க வேண்டும் என்று போன வாரம் உங்கள் பத்தியில் எழுதியிருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. இங்கே பர்மாவில், பெகு ஊரில் என் மாமனார் தோசைக்கடை வைத்திருக்கிறார். கல்லில் அவர், கல்லாவில் நான். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பர்மாக்காரர்கள். அவித்த பட்டாணி தூவி, இல்லாவிட்டால் வெல்லமும் தேங்காய்ப்பூவும் வைத்து முறுகலாகக் கேட்கிறார்கள். "நம்ம கடையில் அந்த வேலை கிடையாது" என்று மாமா திருப்பி அனுப்பிவிடுகிறார். நேரே எதிர்க்கடைக்குப் போகிறார்கள். நான் ஏதாவது சொன்னால், "நீ காற்றடிக்கிற பக்கம் சாய்கிறவள்" என்கிறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். சாப்பாடு, உடுப்பு, பிள்ளைகளுக்கு வைத்த பெயர் என்று எல்லாவற்றிலும் வளைந்தவள் நான் ஒருத்திதான். இன்னும் எவ்வளவு வளைய? வளைவதற்கும் முதுகெலும்பு இல்லாமல் இருப்பதற்கும் என்ன வித்தியாசம்?

க., பெகு

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "இதையே நான் முப்பது வருஷமாகக் கேட்கிறேன்" என்றாள். சரி, தப்பு என்னுடையது. யார் வளைய வேண்டும் என்பதை எழுதாமல் விட்டுவிட்டேன். 'அனுசரித்துப் போ' என்று நம் வீடுகளில் மருமகளிடம்தான் சொல்கிறார்கள், மாமனாரிடம் யாரும் சொல்வதில்லை. நீங்கள் பதினோரு வருஷமாகச் செய்தது அந்த அனுசரிப்பு. நான் சொல்ல வந்தது வேறு.

என் அப்பா ரங்கூனில் பஸ் ஓட்டினார். 1970 டிசம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அதுவரை இடப்பக்கம் ஓடிய வண்டிகளெல்லாம் அன்றிலிருந்து வலப்பக்கம் ஓட வேண்டும் என்று அப்போது பர்மாவை ஆண்ட நெ வின் அரசாங்கம் உத்தரவு போட்டது. (ஜோசியர் சொல்லித்தான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதை விடுங்கள்.) ரோட்டை மாற்றியாயிற்று, வண்டியை யார் மாற்றுவது? ஸ்டியரிங் வலப்பக்கமே இருந்தது, கதவு இடப்பக்கமே இருந்தது. ஜனங்கள் நடுரோட்டில் இறங்கினார்கள். டிரைவர் நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒரு லாரி போனால், அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்பாவுக்கு அப்போதே இருபது வருஷ அனுபவம். முதல் வாரம் யாரையும் கேட்காமல் தானே எட்டி எட்டிப் பார்த்து ஓட்டினாராம். ஒரு நாள் மாட்டுவண்டியைத் தாண்டப் போய், எதிர்லாரி உரசாமல் போனது பெரும்பாடு. அதற்கப்புறம்தான் சப்பேயாவைக் கதவோரம் நிறுத்தினார். கண்டக்டருக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பதினாறு வயசுப் பையன். வலக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுப் பார்ப்பான். தகரத்தில் இடக்கையால் இரண்டு தட்டு தட்டினால் வழி இருக்கிறது, ஒரு தட்டு என்றால் பொறு. எட்டு வயசில் நான் பின்னாலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டுச் சத்தம் வரும்வரை அப்பாவின் கால் ஆக்சிலேட்டரில் அழுத்தாமல் காத்திருக்கும். வீட்டில் ஒருவர் பேச்சையும் கேட்காத மனுஷன் அவர்.

'என் சீட்டிலிருந்து ரோடு தெரியவில்லை' என்று ஒத்துக்கொள்வதைத்தான் நான் வளைவு என்கிறேன். மாமாவுக்கு மாவின் பதம் தெரியும், கல்லின் சூடு தெரியும். திரும்பிப் போகிறவர்களின் முகம் தெரிவது கல்லாவில் இருக்கிற உங்களுக்கு. நீங்கள் தகரத்தில் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள், அவர் அதைக் காற்றுச் சத்தம் என்று நினைக்கிறார்.

வெறும் பிடிவாதம் என்று அவரைத் தள்ளிவிடவும் முடியாது. கைதேர்ந்தவர்களுக்கு வருகிற வியாதி இது. 1942இல், ஜப்பான் படைக்குப் பயந்து நம் தாத்தா பாட்டிகள் பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்த அதே வருஷம், ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற மனோதத்துவ ஆய்வாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். மூன்று பாத்திரங்கள், 21, 127, 3 அளவு பிடிப்பவை. 100 அளவு தண்ணீர் வேண்டும். பெரியதை நிரப்பி, அதிலிருந்து 21ஐ ஒரு தடவையும் 3ஐ இரண்டு தடவையும் எடுத்தால் சரியாக வரும். இதே வழியில் தீருகிற கணக்காகச் சிலவற்றைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, அப்புறம் 23, 49, 3 கொடுத்து 20 கேட்டார். 23இலிருந்து 3ஐ எடுத்தால் முடிந்தது. ஆனால் பழகியவர்களில் பெரும்பாலோர் 49ஐ நிரப்பிக்கொண்டு பழைய வழியிலேயே சுற்றினார்கள். பழகாதவர்களுக்குக் குறுக்குவழி சட்டென்று தெரிந்தது. சுற்றுவழியிலும் விடை வந்துவிடுகிறதே, வம்பு அதில்தான். மாமாவின் கடையும் நடந்துகொண்டுதானே இருக்கிறது?

முதுகெலும்பு விஷயத்துக்கு வருகிறேன். 1987 செப்டம்பரில் பர்மாப் பணமான கியாட்டில் 25, 35, 75 நோட்டுகள் ஒரே நாளில் செல்லாமல் போயின. மாற்றியும் தரவில்லை. அம்மா அடுக்குப்பானையில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் 75தான். அந்த மாசமே 45, 90 என்று புது நோட்டு வந்தது. பலகாரம் விற்கிறவள், சில்லறை கொடுத்தாக வேண்டும். இரண்டே நாளில் ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்னாள். ஆனால் நடந்தது நியாயம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சாகும்வரை அந்த 75 நோட்டுகளை எறியாமல் வைத்திருந்தாள். கணக்கில் வளைந்தாள், நியாயத்தில் வளையவில்லை.

உளுந்தைக் குறை என்று யாராவது சொன்னால் மாமா மறுக்கட்டும், நீங்களும் சேர்ந்து மறுங்கள். வெல்லம் அந்த ரகம் இல்லை. வெல்ல தோசை நம் பாட்டிமார் வார்த்ததுதான். மாமாவின் அம்மா வார்த்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். தோசையை 'தோஷே' ஆக்கிய பர்மாக்காரர்களின் பாஷையில், தோ என்றால் குட்டை, ஷே என்றால் நீளம். குட்டையும் நீளமுமான ஒரு பண்டத்தை அவர்கள் இத்தனை காலமாக மறுபேச்சில்லாமல் தின்கிறார்கள்.

ஒரு யோசனை. மாமாவோடு வாதாட வேண்டாம். முட்டி வலி, இடுப்பு வலி, எதையாவது சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கல்லாவில் உட்கார வையுங்கள். நீங்கள் கல்லில் நில்லுங்கள். வெல்லம் கேட்டு வருகிறவர்களுக்கு அவரே வாயால் இல்லை என்று சொல்லட்டும், எத்தனை பேர் என்று அவரே எண்ணட்டும். நீங்களும் கல்லில் நின்று பார்த்தால், அவர் ஏன் மறுக்கிறார் என்பதற்கு ஒரு காரணம் அகப்படலாம். வெல்லம் உருகிக் கல்லில் பிடித்தால் அடுத்த தோசை எழும்பாது. ஒருவேளை அவருக்குத் தேவை இன்னொரு கல்தானோ என்னவோ.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் பெகு பக்கம் வருவோம். எனக்குச் சாதா தோசை. வெல்லம் வைத்தது என் மனைவிக்கு.