பழைய பிளாக்கை இடிக்கணுமா, சரி பண்ணலாமா?

கேள்வி: எங்க அடுக்குமாடி பிளாக் 60கள்ல ஒரே அச்சுல வரிசையா கட்டினது. அஞ்சு மாடி, லிஃப்ட் கிடையாது, சுவரெல்லாம் ஓதம். பாதிப் பேர் இடிச்சுக் கட்டலாங்கறாங்க, மீதிப் பேர் வேணாங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?

பதில்: முதல்ல தூணு, பீமு, ஸ்லாப் எப்படி இருக்குன்னு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வெச்சு டெஸ்ட் பண்ணுங்க, அதுக்கு முன்னாடி ஓட்டெடுப்பே வேணாம். கான்கிரீட்ல இருக்கற காரத்தன்மைதான் (ஆல்கலி) உள்ள இருக்கற கம்பியைக் காப்பாத்துது, காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு வருஷக்கணக்கா உள்ள இறங்கி அந்தக் காரத்தைக் குறைச்சிடும், அப்புறம் ஈரம் பட்டா கம்பி துருப்பிடிச்சு உப்பி கான்கிரீட்டையே பிளந்து தள்ளிடும். ரெடிமேட் பேனல், அதாவது முன்னாடியே வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகை வெச்சுக் கட்டினதா இருந்தா ஜாயின்ட்டையும் கண்டிப்பா பாக்கணும். 1968ல லண்டன்ல ரோனன் பாயின்ட்ங்கற 22 மாடிக் கட்டடத்துல ஒரு கேஸ் வெடிப்புல ஒரு மூலை முழுக்க சரிஞ்சு 4 பேர் செத்தாங்க, பேனலைப் பிடிச்சிருந்த ஜாயின்ட் அவ்வளவு பலவீனம்.

கட்டடம் உறுதியா இருக்குன்னு ரிப்போர்ட் வந்தா இடிக்காதீங்க, இதை ரொம்ப அழுத்தியே சொல்றேன். பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல உங்களுது மாதிரியே 60கள்ல கட்டின 3 பிளாக், 530 வீடு. லக்கட்டோன், வசால்ங்கற ஆர்க்கிடெக்ட் ஜோடி இன்னும் ரெண்டு ஆர்க்கிடெக்ட்டோட சேர்ந்து வெளிப்பக்கமா புதுசா ஒரு சட்டகம் நிறுத்தி ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழத்துக்கு கண்ணாடி பால்கனி சேத்தாங்க, சின்ன ஜன்னலை எடுத்துட்டு பெரிய கண்ணாடிக் கதவு போட்டாங்க, லிஃப்டையும் சரி பண்ணாங்க. வேலை நடந்தப்ப குடியிருந்தவங்க வீட்டைக் காலி பண்ணவே இல்ல! எனக்குப் பெருசாத் தெரியறது அதுதான். இடிச்சா முதல்ல வெளிய போறது வயசானவங்களும் வாடகைக்கு இருக்கறவங்களும்தான், அவங்கள்ல எத்தனை பேர் திரும்பி வருவாங்க? அந்த வேலைக்கு 2019ல ஐரோப்பாவோட மீஸ் வான் டெர் ரோ கட்டடக்கலை விருது கிடைச்சுது. உங்க பிளாக்லயும் மாடிப்படிக்கு வெளிப்பக்கம் லிஃப்ட் டவர் நிறுத்த இடம் இருக்கான்னு கேளுங்க, லிஃப்ட் அரைமாடி லேண்டிங்ல நிக்கற டிசைனா இருந்தா பாதிப் படி ஏறத்தான் வேண்டியிருக்கும், முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க.

கேள்வி: குளிரும் சூடும் உள்ள வராம வெளிச்சுவருக்கு மேல கிளாடிங்னு ஒரு போர்வை மாதிரி ஷீட் போடலாம்னு கான்ட்ராக்டர் சொல்றார். போடலாமா?

பதில்: போடலாம், நல்ல விஷயம்தான். ஆனா மெட்டீரியல் எரியாததுன்னு டெஸ்ட் சர்டிபிகேட்டோட எழுத்துல வாங்குங்க. லண்டன் கிரென்ஃபெல் டவர்ல பாலிஎத்திலீன்ங்கற எரியற பிளாஸ்டிக்கை நடுவுல வெச்ச அலுமினிய ஷீட்டை போட்டு 2016லதான் புதுப்பிச்சாங்க, அடுத்த வருஷமே 2017 ஜூன்ல தீ அந்த ஷீட் வழியா மேல ஏறி 72 உயிர் போச்சு. அந்த 72 பேரை நினைச்சுக்கிட்டு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் ஓதத்துக்குக் காரணம் உள்ள ஓடற பைப் கசிவான்னு கிளாடிங்குக்கு முன்னாடியே பாத்துடுங்க, மூடின பிறகு உடைச்சுப் பாக்கறது ரெட்டைச் செலவு.