வாசகர் கேள்விகள்: வீட்டில் யார் ஆல்ஃபா?

கேள்வி: எங்கள் நாய்க்கு ஒன்றரை வயது. அதன் தட்டுப் பக்கம் போனாலே உறுமுகிறது. "நாய் ஓநாய் வம்சம். நீங்கள்தான் ஆல்ஃபா, அதாவது கூட்டத்தின் தலைவர், என்று காட்டுங்கள். மல்லாக்கப் போட்டு அமுக்குங்கள், நீங்கள் சாப்பிட்ட பிறகே அதற்குப் போடுங்கள்" என்கிறார் பயிற்சியாளர். செய்யலாமா?

பதில்: அமுக்காதீர்கள், அம்மா. கையில் கட்டோடு என் கிளினிக்குக்கு நாயைக் கூட்டி வருபவர்களில் பலர் இப்படிப் பாடம் புகட்டப் போனவர்கள்தான்.

உங்கள் பயிற்சியாளர் சொல்வது, ஓநாய்க் கூட்டத்தில் அடித்து அடக்குவதுதான் தலைவன் என்ற பழங்கதை. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் பாசெல் உயிரியல் பூங்காவில் அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதியதிலிருந்து அது கிளம்பியது. காட்டில் ஒத்துப்போகாத ஓநாய் கிளம்பிப் போய்விடும். அடைப்புக்குள் எங்கே போகும்? அடித்துக்கொள்ளும். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் இந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. அதே மெக் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, இரண்டு மூன்று ஈற்றுப் பிள்ளைகள். வளர்ந்தவை துணை தேடிப் போய்விடுகின்றன. பதவிச் சண்டைக்கு அங்கே ஆளே இல்லை. 1999இல் இதை விளக்கி எழுதினார்; தன் பழைய புத்தகத்தை அச்சிடாதீர்கள் என்று பதிப்பகத்திடமும் சொல்லிப் பார்த்தார். எத்தனை பேருக்கு அந்த மனசு வரும்?

சரி, உங்கள் நாய். தட்டைப் பிடுங்கிவிடுவீர்கள் என்ற பயத்தில் உறுமுகிறது. அது சாப்பிடும்போது தள்ளி நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நீங்கள் வருவதைப் பார்த்து வாலாட்டத் தொடங்கிய பிறகு ஓரடி கிட்டே போகலாம். அவசரம் வேண்டாம். உறுமினால் அடிக்கவே கூடாது. அடித்து உறுமலை நிறுத்தினால், அப்புறம் அந்த நாய் எச்சரிக்காமலே கடிக்கும். பயிற்சியாளரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: தெரு நாய்கள் பகலில் ஆளுக்கொரு மூலையில் தூங்குகின்றன. ராத்திரி ஒரு புது நாய் வந்தால் படையாகத் திரண்டுவிடுகின்றன. அவற்றுக்குத் தலைவன் யார்?

பதில்: ஓநாய்க்குக் கூட்டம் வயிற்றுப்பாட்டுக்கே வேண்டும். பெரிய மானைச் சாய்க்கவும் குட்டிகளுக்கு இரை கொண்டுவரவும் ஒரு ஆள் பெரும்பாலும் போதாது. தெரு நாய் தனியாகவே குப்பையைக் கிளறிப் பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் பகலில் ஆளுக்கொரு மூலை. எல்லைத் தகராறு என்றால்தான் ஒன்றுகூடல்.

அந்தப் படையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ரோம் நகரில் திரியும் நாய்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: எதிர்த் தரப்பைவிடத் தாங்கள் அதிகம் என்றால்தான் துணிந்து நெருங்குகின்றன. கூட்டம் பெருகப் பெருக, பின்னால் நின்று குரல் மட்டும் கொடுப்பவையும் பெருகுகின்றன! கூட்டாளிகளோடு நெருக்கம் அதிகமுள்ளவைதான் முன்னே போகின்றன.

தலைவனும் நீங்கள் நினைக்கிற முரடன் அல்ல. கூட்டம் இடம் பெயரும்போது மற்றவை யார் பின்னால் போகின்றன என்று அதே ரோமில் பார்த்தார்கள். பெரும்பாலும் வயதில் மூத்தவை, மற்றவை வலியப் போய்ப் பணிவாக நலம் விசாரிப்பவை. என் மொட்டைமாடியிலிருந்து தெரியும் கூட்டத்தில் அது, பின்னங்கால் சற்று இழுக்கும் ஒரு கிழட்டுப் பெட்டை. அது எழுந்து சோம்பல் முறித்தால், இரண்டு இளவட்டக் கடுவன்கள் காதை மடக்கி, வாலைத் தாழ்த்தி ஆட்டிக்கொண்டு வந்து அதன் வாயோரத்தை நக்கும். பெட்டை அவற்றைப் பார்க்கக்கூடச் செய்யாது. அது நடந்தால் கூட்டமே பின்னால் நடக்கும். அந்த வாயோர நக்கல் ஓநாய்க் குட்டிகளிடமும் உண்டு. வேட்டை முடித்து வரும் பெரியவற்றின் வாயை முட்டி நக்கினால், அவை விழுங்கி வந்த இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். நீங்கள் வீடு திரும்பும்போது உங்கள் நாய் முகத்துக்குத் தாவுவதும் அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான்.

கேள்வி: ஓநாய்க் குட்டியைப் பிறந்ததிலிருந்து வளர்த்தால் நாயாகிவிடுமா?

பதில்: ஆகாது. உங்களிடம் பழகும், அவ்வளவுதான். புடாபெஸ்டில் கையால் வளர்த்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் திறக்கவே முடியாதபடி பூட்டிய தீனிப் பெட்டியைக் கொடுத்தார்கள். நாய்கள் கொஞ்சம் முயன்றுவிட்டு மனிதர் முகத்தைத் திரும்பிப் பார்த்தன. ஓநாய்கள் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தன. உங்கள் வீட்டு அலமாரிக்கும் அதே கதிதான். நாய்க்குட்டியே வளருங்கள்.