சாட்டிலைட் மழை டேட்டாவும் ஆத்து நீரோட்ட மாடலும்: சில கேள்விகள், பதில்கள்

சார், ரெய்ன் கேஜ் (தரைல வைக்கிற மழைமானி) அளவோட ஐமெர்ஜ் (நாசாவோட சாட்டிலைட் மழை டேட்டா) டேட்டாவ தினசரி ஒப்பிட்டா கோரிலேஷன் (ரெண்டும் சேர்ந்து ஏறி இறங்குற பொருத்தம்) ரொம்ப மோசமா வருது, மாசக் கணக்கா கூட்டினா நல்லாருக்கு. டேட்டா வேஸ்ட்டா?

அவசரப்பட்டு தூக்கிப் போட்றாதீங்க, முதல்ல நாள் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க. ஐமெர்ஜ் தினசரி ஃபைலோட நாள் யூடிசி (உலகப் பொது நேரம்) 0 மணிக்கு ஆரம்பிக்குது, கேஜ்ல பெரும்பாலும் காலைல போய் அளந்து அன்னைக்குத் தேதி போட்டு எழுதுவாங்க, ஆனா அந்தத் தண்ணி முக்கால்வாசி நேத்து சாயங்காலமும் ராத்திரியும் பெஞ்சதா இருக்கும். இந்த ஒரு விஷயம் தெரியாம ரெண்டு வாரம் நான் கோட்ல தப்பு தேடிட்டு இருந்திருக்கேன், கடைசில ஒரே ஒரு பெருமழைய எடுத்து ரெண்டு கிராஃபையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தப்ப தான் மொத்த மழையும் அப்படியே ஒரு நாள் தள்ளி நிக்கிறது கண்ணுல பட்டுச்சு. அரை மணி நேர ஃபைல்கள எடுத்து, கேஜ் அளக்குற நேரத்துக்கு நேரம் நீங்களே கூட்டிக்கோங்க.

அதுக்கப்புறமும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கேஜோட வாய் ஒரு சாண் அகலம், ஐமெர்ஜோட ஒரு கட்டம் 0.1 டிகிரி, அதாவது பூமத்திய ரேகை பக்கம் கிட்டத்தட்ட 120 சதுர கிலோமீட்டர், இடி மழை அதுல ஒரு மூலைல மட்டும் கொட்டிட்டுப் போயிரும். அதனால ஒத்தக் கேஜ வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, படுகை (ஆத்துக்குத் தண்ணி வந்து சேர்ற மொத்த நிலப்பரப்பு) முழுசுக்கும் சராசரி எடுத்து ஒப்பிடுங்க, மழைய வச்சு ஆத்து ஓட்டத்தக் கணக்கிடுற மாடலுக்கும் அதுதான முக்கியம்.

ஐமெர்ஜ் ஃபைனல் (ஐமெர்ஜோட கடைசியா சரி பண்ணி வர்ற பதிப்பு), சிர்ப்ஸ் (இன்னொரு சாட்டிலைட் மழை டேட்டா) ரெண்டும் எங்க கேஜோட சூப்பரா ஒத்துப் போகுதே?

அந்தக் கேஜ் ஏற்கனவே அதுக்குள்ள இருக்கான்னு பாருங்க. ஃபைனல்ல ஜிபிசிசிங்கிற உலக மழைத் தகவல் மையத்தோட மாசாந்திர கேஜ் டேட்டாவ வச்சு சரி பண்றாங்க, சிர்ப்ஸ்லயும் ஸ்டேஷன் டேட்டா கலந்திருக்கு. அதே கேஜ வச்சு சோதிச்சா கேள்வித்தாள முன்னாடியே குடுத்துட்டு பரீட்சை வைக்கிற மாதிரி தான். அதுல போகாத கேஜ் நாலஞ்சு தேடிப் பிடிங்க.

மழை 10 சதவீதம் தான் கம்மி, ஆத்துல தண்ணி ஏன் அவ்வளவு குறையுது?

கணக்கு போட்டுப் பாருங்க. வருஷ மழை 1000 மி.மீ, அதுல 600 ஆவியாப் போகுதுன்னு வைங்க, ஆத்துக்கு 400. இப்ப மழை 900 ஆச்சுன்னா, செடியும் மண்ணும் முதல்ல தன் பங்க எடுத்துக்கும், ஆவியாதல் பெருசா குறையலன்னா ஆத்துக்கு மிச்சம் 300 தான், அதாவது 25 சதவீதம் காலி. வறண்ட படுகைன்னா இன்னும் மோசம். அதான் மழைல "சின்ன" பிழைன்னு யாராவது சொன்னா எனக்கு பயமா இருக்கு.

மாடல கேலிபரேட் பண்ணதும் (அளந்த ஆத்து ஓட்டத்தோட ஒத்துப் போற மாதிரி பாராமீட்டர்கள, அதாவது மாடலுக்குள்ள இருக்குற எண்கள, மாத்தினதும்) என்எஸ்இ (மாடல் ஓட்டமும் அளந்த ஓட்டமும் எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு சொல்ற மதிப்பெண், 1 தான் முழுப் பொருத்தம்) 0.8 வந்துருச்சு. அப்ப மழை டேட்டா சரின்னு தான அர்த்தம்?

இல்லங்க. நான் அதிகமா பாக்குற தப்பு இதுதான். மழை கம்மியா இருந்தா கேலிபரேஷன் என்ன பண்ணும்னா ஆவியாதல குறைச்சு, மண்ணோட கொள்ளளவ குறைச்சு, ஸ்வாட்ங்கிற மாடல்ல கர்வ் நம்பர (மழைல எவ்வளவு நிலத்து மேலயே ஓடிரும்னு சொல்ற எண்) ஏத்தி, எப்படியாவது ஆத்து ஓட்டத்த கொண்டு வந்து நிறுத்திரும், மழைல இருந்த பிழை அப்படியே பாராமீட்டருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். அப்புறம் அந்த மாடல்ல காடு அழிஞ்சா என்ன ஆகும், அணை கட்டினா என்ன ஆகும்னு கேட்டா வர்ற பதில எப்படி நம்புறது?

கேஜ் மழைல ஒரு தடவை, சாட்டிலைட் மழைல தனியா ஒரு தடவை கேலிபரேட் பண்ணி, ரெண்டு பாராமீட்டர் செட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆவியாதல், நிலத்தடி ஓட்டம் ரெண்டும் அந்த ஊர் மண்ணுக்கு நம்புற மாதிரி இருக்கான்னு பாருங்க. என்எஸ்இ பிழைய வர்க்கப்படுத்துறதால வெள்ளத்துக்கே எடை குடுக்கும், கோடைல ஆறு காஞ்சு கெடக்குறத மாடல் தப்பா காட்டினாலும் அதுல பெருசா தெரியாது, அதனால லாக் (மடக்கை) எடுத்த ஓட்டத்துக்கும் ஒரு தடவை என்எஸ்இ போடுங்க. கேஜிஇங்கிற இன்னொரு மதிப்பெண் இன்னும் உதவும், கோரிலேஷன், பயாஸ் (மொத்தமா கூட்டியோ குறைச்சோ காட்டுற சாய்வு), ஏற்ற இறக்கம்னு மூணையும் பிரிச்சுக் காட்டும்.

மலைப்பகுதில மட்டும் மழைய ரொம்ப கம்மியா காட்டுதே?

அகச்சிவப்பு சென்சார் மேகத்தோட உச்சி எவ்வளவு குளிர்ச்சியா இருக்குன்னு தான் பாக்குது, நிலத்து மேல மைக்ரோவேவ் சென்சார் பெரும்பாலும் மேகத்துல இருக்குற பனித்துகள வச்சு கணிக்குது. காத்து மலைல மோதி ஏறி, உயரமில்லாத மேகத்துல இருந்தே விடாம பெய்யுற மழைல இது ரெண்டுமே சரியா மாட்டாது. மலை, சமவெளின்னு உயரத்த வச்சுப் பிரிச்சு தனித்தனியா பயாஸ் சரி பண்ணுங்க, படுகை முழுசுக்கும் ஒரே எண்ணால பெருக்கினா சமவெளில இல்லாத மழைய நீங்களே சேத்துருவீங்க.

வெள்ள முன்னறிவிப்புக்கு எந்த ஐமெர்ஜ்?

எர்லிங்கிற முதல் பதிப்பு தான், சுமார் 4 மணி நேரத்துல கெடைக்குது, ஃபைனல் வர மூணு மாசத்துக்கு மேல ஆகும். ஆனா ஃபைனல்ல கேலிபரேட் பண்ணிட்டு எர்லிய ஓட்டாதீங்க, ரெண்டோட பயாஸும் வேற. எர்லியோட பழைய வருஷ டேட்டாவும் கெடைக்குது, அதுலயே கேலிபரேட் பண்ணி, அதுலயே ஓட்டுங்க.