வால்வு கசிவை மூகா ஸ்கேன் சரியாக அளக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) கசிவு. ஒரு எக்கோ ‘மிதம்’ என்கிறது, இன்னொன்று ‘கடுமை’ என்கிறது. இப்போது மூகா ஸ்கேன் (ரத்தத்தில் சிறிது கதிரியக்கப் பொருளைச் சேர்த்து இதயத் துடிப்பைப் படம் எடுப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். அதில் சரியான அளவு தெரிந்துவிடுமா?

பதில்: ஓரளவு தெரியும். ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து அறுவை சிகிச்சையை முடிவு செய்யக் கூடாது.

கசிவில்லாத இதயத்தில் இடது கீழறையும் வலது கீழறையும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு ரத்தத்தைத் தள்ளும். மைட்ரல் வால்வு கசிந்தால், பின்னோக்கிப் போகும் ரத்தத்தையும் சேர்த்து இடது கீழறை தள்ள வேண்டியிருக்கும். இடதில் 90 மி.லி., வலதில் 50 மி.லி. என்றால் கசிவு 40 மி.லி.; அதாவது 44 சதவீதம். 50 சதவீதத்தைத் தொட்டால் கடுமையான கசிவு.

மூகாவில் மி.லி.க்குப் பதில் கதிர்களைத்தான் எண்ணுகிறார்கள். முதலில் ஸ்டேனஸ் பைரோபாஸ்பேட் ஊசி. சுமார் 20 நிமிடம் கழித்து டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். அது சிவப்பணுக்களோடு சேர்ந்துகொள்ளும். காமா கேமரா இசிஜியைப் பார்த்து ஒவ்வொரு துடிப்பையும் 16 அல்லது அதற்கு மேற்பட்ட படங்களாகப் பிரித்து, நூற்றுக்கணக்கான துடிப்புகளை ஒன்றாகச் சேர்க்கும்.

சிக்கல் வலது பக்கத்தில்தான். படத்தில் வலது மேலறையின் ஒரு பகுதி கீழறைமேல் படிந்து தெரியும். கீழறை சுருங்கும்போது மேலறை நிரம்புவதால் வலது கணக்கு குறைந்துவிடும். ஆகவே கசிவே இல்லாதவருக்கும் இடது-வலது விகிதம் 1-ஐச் சற்றுத் தாண்டும். லேசான கசிவு இதில் பிடிபடாது. வலது பக்கத்து டிரைகஸ்பிட் வால்வும் கசிந்தால் மைட்ரல் கசிவு குறைவாகத் தெரியும். இடது கீழறையிலிருந்து ரத்தம் உடலுக்குப் போகும் வாசலான அயோர்டிக் வால்வும் கசிந்தால் இரண்டும் சேர்ந்த மொத்தம்தான் வரும். நாடி சீரில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் படங்களே கலங்கிவிடும். மைட்ரல் நோயாளிகளிடம் அது அதிகம். நாடி எப்படி இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள்.

மூகாவின் உண்மையான பலம் இடது கீழறையின் எஜெக்‌ஷன் ஃப்ராக்‌ஷன் அளவு. அதாவது, கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பது. மைட்ரல் கசிவில் ரத்தம் பின்பக்கம் சுலபமாக வெளியேறுவதால் இந்த எண் உள்ளதைவிட நன்றாகவே காட்டும். சாதாரணமாக 60 என்றால் நிம்மதி. கடுமையான மைட்ரல் கசிவு உள்ளவருக்கு 60 அல்லது அதற்குக் கீழ் என்றால் தசை தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். மூச்சிரைப்பு இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிய கட்டம் அது.

இரண்டு எக்கோவின்போதும் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்றும் பாருங்கள். அழுத்தம் ஏறினால் கசிவும் ஏறும். குழப்பம் நீடித்தால், கசிவை அளக்க இதய எம்ஆர்ஐ மூகாவைவிட நம்பகமானது, கதிரியக்கமும் இல்லை.

ஸ்கேனுக்குப் போகும்போது மருந்துச் சீட்டுகளைக் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் போட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்; அது போகும் குழாய் வழியாகவே டெக்னீசியத்தைச் செலுத்தினால் சிவப்பணுக்களில் சரியாக ஒட்டாது. ஒட்டாத மருந்து இரைப்பையிலும் தைராய்டிலும் சேரும். ரிப்போர்ட்டில் அப்படிக் குறிப்பு இருந்தால் அந்த எண்களை நம்பாமல் ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.