முகத்தில் ஷாக் அடிக்கும் நரம்பு வலி: மண்டையைத் திறக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு வயது 56. ஐந்து வருஷமாக வலது கன்னத்தில் ஷாக் அடித்ததுபோல வலி. குளிர்காற்று பட்டாலே துடித்துப்போகிறார். பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியும் பலனில்லை. இப்போது கார்பமாசெபின் மாத்திரை, ஒரு நாளைக்கு 800 மி.கி. வலி பாதிதான் குறைந்திருக்கிறது, தலைசுற்றலோ கூடிவிட்டது. கோவையில் எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, "நரம்பை ரத்தக்குழாய் அழுத்துகிறது, காதுக்குப் பின்னால் திறந்து சரிசெய்யலாம்" என்கிறார்கள். அம்மா தயார். எங்களுக்குத்தான் பயம். என்ன செய்வது?

பதில்: நீங்கள் சொல்வது 'ட்ரைஜெமினல் நியூரால்ஜியா' எனும் முக்கிளை நரம்பு வலிபோல இருக்கிறது. இந்த நோய் உயிரைப் பறிக்காது. ஆபரேஷனோ, மிக அரிதாக, பறிக்கக்கூடும். உங்கள் பயத்துக்கு அடிப்படை இதுதான், அது நியாயமானது. ஆனால் சாப்பிடவும் பேசவும் முகம் கழுவவும் அஞ்சி வாழ்வதும் சின்ன இழப்பு இல்லை. அந்த இழப்பை அளக்கக்கூடியவர் அம்மா ஒருவர்தான். அவர் தயாராக இருப்பதை அவசரம் என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஆபரேஷன் பக்கமே தராசு சாய்கிறது. அதற்கு முன் சில விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதலில், நோய் இதுதானா? முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோவது ஐந்தாவது மூளை நரம்பு. நெற்றி, கன்னம், கீழ்த்தாடை என்று மூன்றாகப் பிரியும். இது மூளைத்தண்டில் நுழையும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் ஒட்டி நின்று, ஒவ்வொரு துடிப்புக்கும் இடித்துக்கொண்டே இருந்தால், வயரின் உறை தேய்வதுபோல நரம்பின் உறை தேய்ந்துவிடும். பிறகு கன்னத்தில் காற்று படுவதுகூட வலியாகப் பாயும். வலி ஒரு பக்கம் மட்டும் வரும்; சில விநாடிகளில் இருந்து இரண்டு நிமிடம் வரை நீடிக்கும்; தொடுதல், மெல்லுதல், பல் துலக்குதல், குளிர்காற்று என்று ஏதோ ஒன்று அதைத் தூண்டும். மேல்தாடைக் கடைவாய்ப் பல்லில் இருந்து வருவதுபோலவே தோன்றுவதால் நல்ல பற்களை இழந்தவர்கள் ஏராளம். இனி வலிக்காகப் பல் பிடுங்க யார் சொன்னாலும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் சம்மதிக்க வேண்டாம்.

ஒரு முறை ஷாக் அடித்ததற்கும் அடுத்ததற்கும் இடையே வலி முழுசாக நிற்கிறதா, அல்லது நாள் முழுக்க எரிச்சலும் கடுப்புமாக இருக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். ஷாக்போல விட்டு விட்டு வரும் வலி ஆபரேஷனுக்கு நன்றாகக் கேட்கும். விடாமல் கடுக்கும் வலி அவ்வளவாகக் கேட்காது. கன்னம் மரத்துப்போயிருந்தாலோ, இரண்டு பக்கமும் வலித்தாலோ, கட்டியோ, நரம்பின் உறையைத் தாக்கும் அழற்சி நோயோ (மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்) இருக்கிறதா என்று மறுபடி தேட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் ஒரு வரியில் நம்பிவிடக் கூடாது. எந்த வலியும் இல்லாதவர்களிடமும் ரத்தக்குழாய் நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பது உண்டு. வெறுமனே தொடுகிறதா, நரம்பைப் பள்ளமாக்கியிருக்கிறதா, இடம் நகர்த்தியிருக்கிறதா, நரம்பு மெலிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்த நரம்புக்கென்றே மெல்லிய அடுக்குகளாக எடுத்த படம் இதற்கு வேண்டும். அறிக்கைத் தாள் போதாது, படம் உள்ள சி.டி.யையும் வாங்கி வையுங்கள்.

அடுத்தது மாத்திரை. கார்பமாசெபினை ஒரு நாளைக்கு 1,200 மி.கி. வரை கொண்டுபோவது உண்டு. ஆக 800-இல் பாதி வலி மிச்சமிருப்பதை "மருந்து தோற்றுவிட்டது" என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் தலைசுற்றல் இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். இந்த மருந்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும். 135-க்கு மேல் இருக்க வேண்டியது 125-க்குக் கீழே போனால் குழப்பம், வலிப்பு வரை போகலாம். இந்த வாரமே சோடியம், ரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். இதற்காக மலை இறங்க வேண்டியதில்லை. சோடியம் சரியாக இருந்தால், மெதுவாகக் கரையும் வகை மாத்திரைக்கு மாற்றினாலே தலைசுற்றல் குறைய வாய்ப்புண்டு. பேக்லோஃபென் போன்ற இன்னொரு மருந்தைச் சேர்ப்பதும் உண்டு. எதையும் மருத்துவர் மாற்றட்டும். திடீரென்று நிறுத்தினால் வலி பன்மடங்காகத் திரும்பும், வலிப்பும் வரலாம். தலைசுற்றல் தீரும்வரை சரிவான பாத்திகளில் கூடை கட்டிக்கொண்டு பறிக்கும் வேலை வேண்டாம். ஆபரேஷனைவிட உடனடி ஆபத்து அதுதான்.

சரியான அளவில் இரண்டு மருந்துகள் பார்த்தும் வலி நிற்கவில்லை, அல்லது வலி நிற்கும் அளவில் ஆளால் நடமாட முடியவில்லை என்றால், அறுவைக்கு நேரம் வந்துவிட்டது. "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளுவதில் ஒரு நஷ்டம் உண்டு. இந்த அறுவையைப் பரவலாக்கிய பிட்ஸ்பர்க் மருத்துவர் பீட்டர் ஜெனெட்டாவின் குழு 1996-இல் 1,185 நோயாளிகளின் நீண்டகால நிலையை வெளியிட்டது. எட்டு வருஷத்துக்கு மேல் வலியோடு இருந்துவிட்டு வந்தவர்களுக்கு வலி திரும்பும் வாய்ப்பு அதில் கூடுதலாக இருந்தது. பெண்களுக்கும் சற்றுக் கூடுதல். உங்கள் அம்மா ஐந்தாவது வருஷத்தில் இருக்கிறார்.

அதே ஆய்வில், பத்து வருஷம் கழித்து மாத்திரை இல்லாமல் வலியின்றி இருந்தவர்கள் பத்தில் ஏழு பேர். இறந்தவர்கள் 2 பேர். அந்தப் பக்கக் காது கேட்காமல் போனவர்கள் நூற்றுக்கு ஒருவர். மூளைத்தண்டில் ரத்த ஓட்டம் தடைபட்டவர் ஒருவர். மிகவும் கைதேர்ந்த குழுவின் கணக்கு இது; எல்லா ஆபரேஷன் தியேட்டருக்கும் பொருந்தாது.

என்ன செய்வார்கள்? முழு மயக்கம் கொடுத்து, காதுக்குப் பின்னால் கொஞ்சம் முடி மழித்து, எலும்பில் நாணயம் அளவு திறப்பார்கள். சிறுமூளையை மெல்ல ஒதுக்கி, நுண்ணோக்கி வழியே நரம்பைத் தேடிப்போய், அழுத்தும் குழாயை விலக்கி, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைத்துவிடுவார்கள். நரம்பை வெட்டுவதில்லை. கன்னத்தின் உணர்ச்சி பெரும்பாலும் அப்படியே இருக்கும், இதுதான் மற்ற வழிகளைவிட இதற்குள்ள பெரிய அனுகூலம். இரண்டு மூன்று மணி நேர வேலை, சிக்கல் இல்லையென்றால் நாலைந்து நாளில் வீடு. காதுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே இருப்பதால்தான் கேட்கும் திறனுக்கு ஆபத்து. ஆபரேஷன் நடக்கும்போதே அந்த நரம்பைக் கண்காணிக்கும் கருவி அங்கே இருக்கிறதா என்று கேளுங்கள்.

மண்டையைத் திறக்காத வழிகளும் உண்டு. கன்னம் வழியாக ஊசி செலுத்தி, நரம்பை ரேடியோ அலைச் சூட்டாலோ பலூனாலோ கொஞ்சம் சேதப்படுத்தினால் வலி உடனே நிற்கும், முகம் மரத்துப்போகும், சில வருஷத்தில் வலி திரும்புவதும் அதிகம். காமா நைஃப் கதிர்வீச்சில் பலன் தெரியவே வாரங்கள், மாதங்கள் ஆகும். எழுபது தாண்டியவர்கள், இதய நோய் உள்ளவர்கள், மயக்க மருந்து தாங்காதவர்கள் இவற்றைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். அம்மாவுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்து, மயக்க மருந்து மருத்துவர் சரி என்றால், 56 வயது தடையே இல்லை. ஊசி முறையைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால், மரத்துப்போன முகம் எப்படி இருக்கும் என்பதை மரப்பு ஊசி போட்டுச் சில மணி நேரம் அனுபவித்துப் பார்க்கக் கேளுங்கள்.

அறுவை மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: இந்த அறுவையை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? உங்கள் கையில் எத்தனை பேருக்குக் காது போனது? திறந்து பார்த்து, அழுத்தும் குழாய் எதுவும் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சிலர் அப்போது நரம்பின் ஒரு பகுதியை வெட்டுவார்கள், முகம் நிரந்தரமாக மரத்துவிடும். அதற்குச் சம்மதமா என்பதை அம்மா முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இந்த அறுவைக்கு அங்கே முன் அனுமதி கிடைக்குமா என்பதைத் தேதி குறிக்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

காலத்தையும் பாருங்கள். உங்கள் பக்கம் ஐப்பசி மழை தொடங்கித் தைப் பனி வரை முகத்தில் குளிர் அறையும். வலி சில மாதம் தானாக அடங்குவதும் இந்த நோயின் குணம். அதைக் குணமானதாக எண்ணி முடிவை மறந்துவிட வேண்டாம். அதுவரை மஃப்ளரைக் கன்னத்தில் உரசும்படி கட்டாமல், தளர்வான குல்லா போடட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். வலிக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றி அடக்க முடியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு உடனே மலை ஏறாதீர்கள். மண்டைக்குள் சிறிது காற்று தங்கியிருக்கும். கோவை கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 400 மீட்டர், கோத்தகிரி 1,800 மீட்டர். காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறையும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும், தலைவலியும் வாந்தியும் கூடும். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றி வாந்தி எடுத்து முக்கினால் தையலுக்கும் நல்லதில்லை. தையல் பிரிக்கும்வரையாவது கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ உறவினர் வீட்டில் தங்கவைத்து, மலை ஏறலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு பகலில், மெதுவாகப் போகும் காரில் கூட்டிப்போங்கள். வலி நின்றுவிட்டது என்று மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, குனியும்போது மூக்கில் இருந்தோ தையலில் இருந்தோ தண்ணீர்போல ஒழுகுதல், இவற்றில் எது வந்தாலும், இரவானாலும், ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டு உடனே கீழே இறங்குங்கள்.